ஹிப் முடிந்தும் துளை போகவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஹாட் ஐசோஸ்டாடிக் பிரெஸ்ஸிங், சுருக்கமாக ஹிப். பாகத்தைக் கனத்த கலனுக்குள் வைத்து, ஆர்கான் வாயுவை 1000 பார் (100 மெகாபாஸ்கல்) வரை ஏற்றி, உலோகம் உருகாமல் இளகும் வெப்பநிலையில் சில மணி நேரம் நிறுத்துவார்கள். எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவில் விழும் அழுத்தம் உள்ளே இருக்கும் துளைகளை நசுக்கும். நசுங்கிய சுவர்கள் அணுப் பரவலால் ஒன்றாகிவிடும். 1955இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரிலுள்ள பாட்டெல் ஆய்வகத்தில், அணு எரிபொருளுக்கு உலோக உறை ஒட்டும் வேலைக்காகப் பிறந்த முறை இது. இன்று டர்பைன் வார்ப்புகள், இடுப்பு மூட்டு உள்வைப்புகள், 3டி பிரிண்ட் செய்த பாகங்கள், தூளிலிருந்து நேரடியாக உருவாக்கும் வால்வு உடல்கள் என எல்லாமே இந்தக் கலனுக்குள் போய் வருகின்றன.

துளை மூட இரண்டு நிபந்தனைகள் உண்டு. அது வெளிப்பரப்போடு எங்கும் தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். அதற்குள் வெற்றிடமோ, உலோகத்தில் கரையக்கூடிய வாயுவோதான் இருக்க வேண்டும். வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று மீறப்பட்டதால் வருபவை. மீறல் நடந்த இடமும் ஹிப் கலன் அல்ல, அதற்கு முந்தைய வார்ப்போ பிரிண்டோதான். கலனைத் திட்டுவதற்கு முன் பாகத்தின் பூர்வீகத்தைப் பாருங்கள்.

பிழை தேட உட்காரும்போது நான்கு விஷயங்கள் கையில் இருக்கட்டும்: வெப்பம், அழுத்தம் இரண்டும் பதிந்த சைக்கிள் சார்ட், ஹிப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த அடர்த்தி, தூள் அல்லது உருக்கின் சான்றிதழ், ஹிப்புக்குப் பின் செய்த வெப்பச் செயல்முறையின் விவரம். ஒப்பிட வழக்கமான அளவுகள் இவை. 3டி பிரிண்ட் டைட்டானியம் 6-4க்கு (6% அலுமினியம், 4% வனேடியம் கலந்தது) 895 முதல் 955°செ, 100 மெகாபாஸ்கலுக்குக் குறையாமல், 2 முதல் 4 மணி நேரம்; 425 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். நிக்கல் கலவையான இன்கொனல் 718க்கு 1120 முதல் 1185°செ, 316எல் துருப்பிடிக்கா எஃகுக்கு 1120 முதல் 1163°செ. இரண்டுக்கும் 3 முதல் 5 மணி நேரம். ஏ356 அலுமினிய வார்ப்புக்கு 510, 520 டிகிரி சுற்றி இரண்டு மூன்று மணி நேரம்.

அறிகுறி: அடர்த்தி ஏறவே இல்லை, வெட்டிப் பார்த்தால் துளை அப்படியே இருக்கிறது

சார்ட்டில் வெப்பமும் அழுத்தமும் சரியாக இருந்தால், துளை பரப்புக்குத் திறந்திருக்கிறது என்றே முதலில் சந்தேகியுங்கள். வாயு உள்ளேயும் போய்விட்டால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், நசுக்க ஆளில்லை. முடி அளவு விரிசல் போதும். உள்ளே இருக்கும் சுருக்கக் குழி முழுவதும் கெட்டுவிடும்.

உறுதிசெய்ய, அதே லாட்டில் ஹிப் செய்யாத பாகத்தை எடுத்து டை பெனட்ரண்ட் சோதனை (சாயத்தை விரிசலுக்குள் ஊறவிட்டுப் பார்ப்பது) செய்யுங்கள். சாயத்தை வெளியே இழுக்கும் டெவலப்பர் பொடியைப் போட்டபின் நெடுநேரம் சாயம் கசிந்துகொண்டே இருக்கும் புள்ளிதான் வழி. ஹிப் செய்த பாகத்தையும் வெட்டிப் பாருங்கள். மூடாத துளைகள் எல்லாம் ஒரே கொத்தாக, பரப்பை நோக்கிப் போகும் வரிசையில் இருந்தால் தீர்ப்பு எழுதிவிடலாம். ஆங்காங்கே தனித்தனியாக உருண்டையாக இருந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

வார்ப்புகளில் இது பெரும்பாலும் ரைசர் (உறையும்போது உருக்கை ஊட்டும் கூடுதல் தண்டு) வெட்டிய இடத்திலும், தடிமன் திடீரென மாறும் மூலைகளிலும் வரும். பரிகாரம் எளிது: ஹிப்புக்கு முன் அந்த இடத்தைத் தோண்டி, அதே உலோகக் கம்பியால் வெல்டு செய்து மூடி, மறுபடி பெனட்ரண்ட் பார்த்து, பிறகு அனுப்புவது. ரைசரை ஹிப்புக்கு முன்பே ஒட்ட வெட்டி உள்துளையைத் திறந்துவிடுவது கோவை வட்டார வார்ப்பாலைகளிலிருந்து எங்கும் நடக்கும் வேலை. சில மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். மெஷினிங்கை ஹிப்புக்குப் பின் வையுங்கள்.

3டி பிரிண்டில் கதை வேறு. வெளிவிளிம்பை வரையும் லேசர் பாதைக்கும் உள்நிரப்பும் பாதைக்கும் நடுவே ஒட்டாமல் போன இடைவெளி, பரப்புக்கு 0.2 அல்லது 0.3 மி.மீ. கீழே சங்கிலி போல் ஓடும். அதில் ஒரு கண்ணி மேலே திறந்திருந்தாலும் சங்கிலி முழுவதும் மூடாது. வெல்டு போட்டுத் தீர்க்க முடியாது. விளிம்பும் நிரப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அளவைக் கூட்டி மறுபடி பிரிண்ட் செய்ய வேண்டும். கையிலிருக்கும் பாகத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டுமென்றால், அந்த ஆழம் மெஷினிங்கில் போகுமா என்று வரைபடத்தில் பாருங்கள்.

அளவீட்டிலேயே பிழை இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். நீரில் மூழ்கவைத்து எடைபோடும் ஆர்க்கிமிடிஸ் முறையில் சொரசொரப்பான பரப்பில் ஒட்டும் காற்றுக்குமிழ் அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். டைட்டானியம் 6-4க்கு 4.43, இன்கொனல் 718க்கு சுமார் 8.2 கிராம்/கன செ.மீ. என்ற கைநூல் எண்ணோடு மட்டும் ஒப்பிட்டால், கலவையின் சிறு வேறுபாடே 0.1 சதவீதத்தை விழுங்கிவிடும். முன், பின் வித்தியாசத்தைப் பாருங்கள்.

அறிகுறி: ஹிப்புக்குப் பின் சுத்தம், ஹீட் ட்ரீட்மென்டுக்குப் பின் துளைகள் திரும்பிவிட்டன

அதிகம் ஏமாற்றும் அறிகுறி இதுதான். சி.டி. ஸ்கேன் அறிக்கை சுத்தமாக இருந்ததால் யாரும் ஹிப்பைச் சந்தேகிக்க மாட்டார்கள். ஹீட் ட்ரீட்மென்ட் செய்தவர் மாட்டிக்கொள்வார்.

காரணம் துளைக்குள் சிக்கிய ஆர்கான். ஆர்கான் எந்த உலோகத்திலும் சொல்லத்தக்க அளவில் கரையாது. ஆகவே ஹிப் அதை வெளியேற்றுவதில்லை, சுருக்கி வைக்கிறது. 50 மைக்ரான் விட்டமுள்ள துளையில் ஒரு பார் அழுத்தத்தில் ஆர்கான் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 920 டிகிரியில் 1000 பாரில் அது 10 மைக்ரானுக்கும் கீழே போய்விடும். பெரிய பாகத்துக்கான சி.டி. ஸ்கேனில் அது தெரியாது. ஆனால் உள்ளே வாயு கிட்டத்தட்ட கலனின் அழுத்தத்துக்கே இறுகி உட்கார்ந்திருக்கும். பிறகு அதே பாகத்தை வெளியழுத்தமில்லாமல் சூடாக்கும்போது அதைத் தடுக்க இருப்பது உலோகத்தின் பரப்பு இழுவிசையும் ஊர்வு வலிமையும் மட்டுமே. அந்த அளவுத் துளைக்குப் பரப்பு இழுவிசை தரும் எதிரழுத்தம் ஆறேழு பார்தான். உலோகம் இளகியதும் துளை ஊதிப் பெரிதாகும். டைட்டானியம் 6-4ஐ பீட்டா எல்லையான (படிக அமைப்பு முழுவதும் பீட்டா என்ற வகைக்கு மாறும் வெப்பநிலை) சுமார் 995 டிகிரிக்கு மேல் பதப்படுத்தும்போது இது தெளிவாகத் தெரியும்.

சோதிப்பது இப்படி. ஹிப் செய்த ஒரு சிறு துண்டை எடுத்து, பாகம் இனிச் சந்திக்கப்போகும் மிக உயர்ந்த வெப்பநிலையிலோ சற்று மேலேயோ, வெற்றிட உலையில் சில மணி நேரம் வைத்து ஆறவிட்டு அடர்த்தியை மறுபடி எடுங்கள். தூள்முறை நிக்கல் கலவைகளுக்கு 1200 டிகிரியில் 4 மணி நேரம் என்பது பழகிய சோதனை. அடர்த்தி இறங்கினால் ஆர்கான் இருக்கிறது. கூடவே மூலத் தூளை ரெசினில் பதித்து, பாலிஷ் செய்து நுண்ணோக்கியில் பாருங்கள். வாயு தெளித்து உருவாக்கிய தூளில் உள்ளே குமிழ் அடைத்த உருண்டைகள் இருக்கும். பெரிய துகள்களில்தான் அதிகம்.

வழிகளை முன்னுரிமைப்படி சொன்னால்: குமிழ் குறைந்த தூள் வாங்குவது முதல் வழி. சுழல் மின்முனையில் பிளாஸ்மாவால் உருக்கி எடுக்கும் தூளில் உள்வாயு மிகக் குறைவு, விலை அதிகம். வாயுத் தெளிப்புத் தூள்தான் கிடைக்கும் என்றால் பெரிய துகள்களைச் சல்லடையில் கழித்துவிடுங்கள். எஃகாக இருந்தால் நைட்ரஜனில் தெளித்த தூளைக் கேளுங்கள். நைட்ரஜன் எஃகில் கரையும். இரண்டாவது, வெப்பச் செயல்முறையையும் அழுத்தத்துக்குள்ளேயே முடிப்பது. வேகமாகக் குளிர்விக்கும் வசதியுள்ள கலன்களில் ஹிப்பும் சொல்யூஷன் ட்ரீட்மென்டும் (சேர்மங்களைக் கரைத்துச் சட்டெனக் குளிர்விப்பது) ஒரே சைக்கிளில் முடியும். மூன்றாவது, பின்னால் வரும் வெப்பநிலையை ஹிப் வெப்பநிலைக்குக் கீழே கட்டுப்படுத்துவது. இரண்டாம் முறை ஹிப் போடுவது பரிகாரமாகாது, பிரச்சினையைத் திரும்ப ஒளித்து வைப்பது மட்டுமே.

அலுமினிய வார்ப்பில் இதே அறிகுறி கொப்புளமாக வரும். அங்கே குற்றவாளி பெரும்பாலும் உருகிய நிலையில் வாங்கிய ஹைட்ரஜன். டி6 செயல்முறையில் (சொல்யூஷன் செய்து, பிறகு மிதமான சூட்டில் வைத்துக் கடினமாக்குவது) 540 டிகிரிக்குப் போகும்போது, பரப்புக்கு அருகில் மூடிய துளைகள் உப்பும். உருக்கில் வாயு நீக்கம் சரியாகச் செய்யாமல் ஹிப்பை நம்பி வார்ப்பதன் பலன் இது.

அறிகுறி: பரப்பில் புதிதாகப் பள்ளங்கள்

பயப்பட வேண்டாம். பரப்புக்குச் சற்றுக் கீழே இருந்த துளை மூடும்போது மேலே உள்ள தோல் உள்வாங்கும். ஹிப் வேலை செய்ததற்கு அத்தாட்சி. வார்ப்பில் வெல்டு போட்டு நிரவிக்கொள்ளலாம். மெஷினிங் இருப்பு போதுமா என்று மட்டும் அளந்து பாருங்கள். ஒரே இடத்தில் எல்லா வார்ப்பிலும் பள்ளம் விழுந்தால் உருக்கு அச்சுக்குள் போகும் வழியான கேட்டிங் அமைப்பைத் திருத்த வேண்டும்.

அறிகுறி: பரப்பு நிறம் மாறியிருக்கிறது, டைட்டானியத்தில் வெளித்தோல் நொறுங்குகிறது

இளமஞ்சள், ஊதா, நீலம், சாம்பல் என்று டைட்டானியம் நிறம் மாறினால் ஆக்சிஜன் உள்ளே வந்திருக்கிறது. “99.999 சதவீதத் தூய ஆர்கான்தானே போட்டோம்” என்பார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்தத் தூய்மையில் மொத்த அசுத்தம் பத்து லட்சத்தில் 10 பங்கு வரை இருக்கலாம். 1000 பாரில் அந்த 10 பங்கின் பகுதி அழுத்தம் 0.01 பார். அதாவது சாதாரண அழுத்தத்தில் ஒரு சதவீத அசுத்தம் கலந்த ஆர்கானில் டைட்டானியத்தை 920 டிகிரிக்குச் சூடாக்குவதற்குச் சமம். வெற்றிட உலைக்காரர்கள் கனவிலும் ஒப்பாத நிலை இது. சைக்கிள் முடிந்து மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் ஆர்கானில் அசுத்தம் இன்னும் சேர்ந்திருக்கும்.

செய்ய வேண்டியது வரிசையாக: பாகத்தைக் கிரீஸ் நீக்கிக் கழுவி, அடுப்பில் உலர்த்துங்கள். குறுகிய உட்குழாய்களில் தேங்கிய வெட்டுத் திரவம் சார்ஜ் (ஒரே தடவை கலனில் ஏற்றும் பாகங்கள்) முழுவதையும் கெடுக்கும். கலனை மூடியபின் 0.1 மில்லிபாருக்குக் கீழே வெற்றிடமாக்கி, சில பார் ஆர்கான் நிரப்பி வெளியேற்றி, மறுபடி வெற்றிடமாக்குங்கள். இரண்டு மூன்று சுற்று வேண்டும். பம்பை நிறுத்திவிட்டு உள்ளே அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள். ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறினால் கசிவு. மழைக்காலத்தில் கலனைத் திறந்தே போட்டுவைத்தால் காப்பு நார் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் முதல் சார்ஜ்தான் பலியாகும்.

கூடுதல் காப்புக்கு, பாகங்களை டைட்டானியம் தகட்டில் தளர்வாகச் சுற்றலாம். டைட்டானியம் ஸ்பஞ்ச் அல்லது சுத்தமான சுருள் சீவலைச் சார்ஜுக்குள் வைத்து ஆக்சிஜனை அதைத் தின்ன வைக்கலாம். தகட்டை இறுக்கி அடைத்துவிடாதீர்கள்; உள்ளே வாயு போகாவிட்டால் தகடு பாகத்தோடு நசுங்கி ஒட்டிவிடும்.

நிறம் போக மணல் வீசினால் போதுமா என்பது உலோகத்தைப் பொறுத்தது. நிக்கல் கலவையிலும் எஃகிலும் பெரும்பாலும் மெல்லிய குரோமிய ஆக்சைடு படலம்தான், போதும். டைட்டானியத்தில் போதாது. நிறத்துக்குக் கீழே ஆக்சிஜன் ஊறிக் கடினமான ஆல்ஃபா கேஸ் இருக்கும். ஃபடீக் விரிசல் (திரும்பத் திரும்ப விழும் சுமையால் வருவது) அங்கிருந்துதான் கிளம்பும். குறுக்குவெட்டில், விளிம்பிலிருந்து உள்நோக்கி நுண்கடினத்தை அளந்து, எண் சமமாகும் ஆழத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த ஆழத்துக்கு மேல் மெஷினிங்கிலோ நைட்ரிக்-ஹைட்ரோஃபுளோரிக் அமிலக் குளியலிலோ எடுக்க வேண்டும். குளியலில் நைட்ரிக், ஹைட்ரோஃபுளோரிக்கைப் போலப் பத்து மடங்காவது இருக்கட்டும். குறைந்தால் டைட்டானியம் ஹைட்ரஜனை உறிஞ்சும். பிறகு ஹைட்ரஜன் பகுப்பாய்வு கட்டாயம். 3டி பிரிண்ட் டைட்டானியம் 6-4க்கான தரநிலை ஏஎஸ்டிஎம் எஃப்2924இன் உச்சவரம்பு 0.015 சதவீதம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைக் கையாளும் இடத்தில் கால்சியம் குளுகோனேட் ஜெல் இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

அறிகுறி: துளை போய்விட்டது, வலிமையும் போய்விட்டது

இது பாதி நேரம் பிழையே அல்ல. லேசரில் பிரிண்ட் செய்த டைட்டானியம் 6-4, வேகமாக உறைந்ததால் ஊசி ஊசியான மார்ட்டன்சைட் அமைப்போடு, 1000 மெகாபாஸ்கலுக்கு மேல் யீல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் வலிமை) காட்டும். நீட்சி மோசமாக இருக்கும். ஹிப் அதை ஆல்ஃபா-பீட்டா தகடுகளாகப் பருக்க வைக்கும். யீல்டு 850 முதல் 950க்கு இறங்கும், நீட்சியும் ஃபடீக் ஆயுளும் ஏறும். எஃப்2924 கேட்பது யீல்டு 825, இழுவலிமை 895, நீட்சி 10 சதவீதம். இதற்கு மேலே இருந்தால் விட்டுவிடுங்கள். கீழே போயிருந்தால் வெப்பநிலை பீட்டா எல்லையைத் தொட்டதா என்று நுண்ணமைப்பில் பாருங்கள். பிரிண்டில் வந்த நெடுக்குக் கிரெய்ன்கள் (படிகத் துண்டுகள்) போய், பெரிய உருண்டையான பீட்டா கிரெய்ன்கள் தெரிந்தால் வெப்பமானியான தெர்மோகப்பிள் பொய் சொல்லியிருக்கலாம். இன்னும் வலிமை வேண்டுமென்றால் வெப்பத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டுங்கள்; 800 டிகிரி, 200 மெகாபாஸ்கல் என்ற கூட்டணியில் துளையும் மூடும், தகடும் மெலிந்தே இருக்கும். அதற்கு ஏற்ற கலன் வேண்டும்.

இன்கொனல் 718இல் வலிமை குறைந்தால் நிஜப் பிழை வேறெங்கோ. பழைய வகைக் கலனில் மெல்ல ஆறும் பாகம் ஹிப்பிலிருந்து மென்மையாகத்தான் வரும். அதை சொல்யூஷன் செய்து, 720 டிகிரியில் 8 மணி, 620க்கு இறக்கி மறுபடி 8 மணி என்று ஏஜிங் செய்தால்தான் கடினம் வரும். சொல்யூஷனைத் தாண்டி நேராக ஏஜிங்குக்கு அனுப்புவதே வழக்கமான தவறு. ஏ356இலும் அப்படித்தான்: ஹிப்புக்குப் பின் டி6 கட்டாயம். டூப்ளெக்ஸ் எஃகு (இரண்டு படிக வகைகள் கலந்த துருப்பிடிக்கா எஃகு) 1000 முதல் 600 டிகிரி வரை மெல்ல ஆறினால் சிக்மா என்ற நொறுங்கும் கட்டம் உருவாகி மோதல் வலிமை தரைதட்டும். மறுபடி சொல்யூஷன் செய்து தண்ணீரில் குளிர்விக்க வேண்டும்.

வார்ப்பு நிக்கல் கலவைகளில் ஹிப்புக்குப் பின் புதிய உருண்டைத் துளைகளும், சுற்றிலும் யூடெக்டிக் (கடைசியாக உறைந்த கலவை) போன்ற திட்டும் தெரிந்தால், உறையும்போது கலவை ஒதுங்கிய இடங்கள் உருகிவிட்டன. முதலில் கீழ் வெப்பநிலையில் நிறுத்தி, படிப்படியாக ஏற்றிச் சமன்செய்த பிறகு உச்சத்துக்குப் போங்கள்.

அறிகுறி: பாகம் வளைந்திருக்கிறது, தட்டோடு ஒட்டியிருக்கிறது

வளைவுக்கு அழுத்தம் காரணமில்லை, அது எல்லாப் பக்கமும் சமம். பாகம் தன் எடையிலேயே தொய்கிறது. நீளமானவற்றைச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள், அல்லது அலுமினா மணலில் புதைத்துத் தாங்குங்கள்.

ஒட்டுவது அதைவிட ஆபத்து. டைட்டானியமும் நிக்கலும் தொட்டுக்கொண்டால் 942 டிகிரியிலேயே திரவம் உருவாகும். டைட்டானியமும் இரும்பும் 1085இல். 955 வரை அனுமதிக்கும் டைட்டானியம் சைக்கிளை நிக்கல் கலவைத் தட்டில் நேரடியாக வைத்து ஓட்டினால் தட்டில் ஓட்டை விழலாம். இடையே அலுமினா அல்லது இட்ரியா பூச்சோ பீங்கான் தகடோ வையுங்கள். முந்தைய சார்ஜில் விழுந்த ஒரு டைட்டானியம் சீவல் 1160 டிகிரி இன்கொனல் சார்ஜில் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அறிகுறி: தூள் அடைத்த உறை சுருங்கவில்லை

2, 3 மி.மீ. மென்எஃகு உறைக்குள் தூளைத் தட்டி நிரப்பினால் 65 முதல் 70 சதவீதம் நிரம்பும். முழுதாக இறுகும்போது நீளவாக்கில் சுமார் 12 சதவீதம் சுருங்க வேண்டும். போன உருவத்திலேயே வந்தால் வெல்டில் கசிவு. இந்த உறையில் கிரைண்டர் வைக்காதீர்கள். நுண்ணிய வழியாக உள்ளே போன ஆர்கான் அழுத்தம் இறங்கும்போது வெளியேற முடியாமல் அடைபட்டிருக்கலாம். உப்பிய உறையைத் தனியே, மறைப்புக்குப் பின்னால் வைத்து, தூரத்திலிருந்து இயக்கும் துரப்பணத்தில் மெல்லிய துளையிட்டு வாயுவை விடுங்கள். அடுத்த முறை நிரப்புவதற்கு முன் ஹீலியம் கசிவுச் சோதனை செய்யுங்கள். வாயு நீக்கியபின் குழாயை நசுக்கி வெட்டி வெல்டு செய்யும் முனையே அதிகம் கசியும் இடம்.

சுருங்கி, ஆனால் கோணலாகச் சுருங்கியிருந்தால், நிரப்பும்போது அதிர்வு சீராக இல்லை அல்லது மூலை வெல்டுகள் மற்ற சுவரைவிட விறைப்பாக இருக்கின்றன.

அடர்த்தி நூறு சதவீதம், சார்ப்பி மோதல் சோதனை மட்டும் தோல்வி என்றால் உடைந்த பரப்பை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். பழைய தூள் உருண்டைகளின் வடிவம் அப்படியே தெரியும். ஒவ்வொரு உருண்டையைச் சுற்றியும் இருந்த ஆக்சைடு தோலே எல்லையாக நின்றுவிட்டது. ஹிப் நேரத்தை நீட்டினாலும் அது கரையாது. தூளைக் காற்றில் திறந்து வைக்காமல், ஆக்சிஜன் அளவைச் சான்றிதழில் மட்டுமின்றி நிரப்பும் நாளிலும் அளந்து, உறையைச் சூடாக்கி வாயு நீக்குங்கள்.

அறிகுறி: ஒரே சார்ஜில் கீழ்த்தட்டு மட்டும் கெட்டிருக்கிறது

1000 பாரில் ஆர்கான் அடர்த்தியான திரவம் போல நடந்துகொள்ளும். சூடானது வேகமாக மேலேறும், குளிர்ந்தது அடியில் தேங்கும். தட்டுகளை இடைவெளியின்றி அடுக்கினால் சுழற்சி அடைபட்டுக் கீழே வெப்பம் குறையும். கீழ் மண்டல ஹீட்டரின் மின்னோட்டத்தைப் பாருங்கள், தட்டுகளுக்கு நடுவே வழி விடுங்கள், சார்ஜின் மேல், நடு, அடி மூன்றிலும் தெர்மோகப்பிள் வையுங்கள். உலை வெப்ப அளவீட்டுத் தரநிலையான ஏஎம்எஸ் 2750இன் 5ஆம் வகுப்பு உலைக்கு அனுமதி ±14 டிகிரி. கே வகை தெர்மோகப்பிள் ஆக்சிஜன் குறைந்த சூழலில் நாளாக நாளாகக் குறைத்துக் காட்டும். அதை நம்பி ஏற்றினால் நிஜ வெப்பம் கூடிப்போகும். ஆயிரம் டிகிரிக்கு மேல் பிளாட்டினம் வகைகளுக்கு மாறுங்கள்.

நிறுத்திய நேரத்தில் அழுத்தம் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தால் மூடியின் சீலைப் பாருங்கள். அந்த ஆர்கான் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது; காற்றைவிடக் கனமானதால் கலன் நிற்கும் குழியில்தான் தேங்கும். ஆக்சிஜன் மானி 19.5 சதவீதத்துக்கு மேல் காட்டும் வரை அந்தக் குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது.